ரெண்டு வயசு எளையவ

மூன்றாம் தடவையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று. அக்காளின் முகத்திலிருந்து அந்த எண்ணெய் வாடை போவேனா என்றது. "செத்தும் நாறுறியே, அற்புதம்" என்று சொல்லி ஜெபமாலை சிரித்துவிட்டாள். சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது.

"மூஞ்சியில ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க, குமரு மாதிரி கெடக்கா" என்றாள் பக்கத்து வீட்டு நஃபீசா. "அக்கா நீங்க இருக்கீங்க, ஒங்க தங்கச்சி போயிட்டாளே!"

ஜெபமாலைக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. உண்மையில் அவள்தான் தங்கச்சி.

அது சுறா ஈரல் எண்ணெய். பாம்பனில் அதை வத்தைப் படகின் பலகைக்குப் பூசுவார்கள். அற்புதம்மாள் முகத்துக்குப் பூசினாள். "உப்புத்தண்ணியிலேயே கெடக்குற பலகை அப்படியே இருக்கு, என் மூஞ்சிக்கு என்ன கேடு?" என்பாள். ஒருநாள் மண்டபத்துக் கம்பவுண்டர், "இதுல வைட்டமின் ஏ இருக்கும்மா, தினம் ஒரு கரண்டி குடிங்க, கண்ணுக்கு நல்லது" என்று சொல்லித் தொலைத்தார். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. "குடிச்சா என் கண்ணுக்கு நல்லது. தடவுனா பாக்குறவுக கண்ணுக்கு நல்லது" என்று வைட்டமினை இரண்டு வேளையும் தடவினாள். தெருப் பூனையெல்லாம் அவள் பின்னாலேயே திரிந்தது. இன்று விடிந்ததும் மார் அடைக்கிறது என்று உட்கார்ந்தவள், கடைசியாகக் கேட்டதும் கண்ணாடியைத்தான்.

முப்பது வருசத்துக்கு முன்னால் அற்புதத்தின் புருசன் சந்தனம் திருப்பாலைக்குடிக்குப் பெண் பார்க்க வந்தபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. அற்புதத்துக்கு இருபத்தாறு. இளையவள் ஜெபமாலைக்கு இருபத்திரண்டுதான். ஆனால் அவளுக்கு மாமன் மகனோடு முன்னமே கல்யாணமாகி, இடுப்பில் பிள்ளை இருந்தது. அற்புதம் கூசாமல் அவளைக் காட்டி, "இது எங்க அக்கா. எனக்கு ரெண்டு வயசு மூத்தவ" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சந்தனத்துக்கு ஜெபமாலை மதினி. தன்னைவிட ஒரு வயது மூத்த மனுசனை அவள் தம்பி என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அவளுக்கு நரைக்க நரைக்க, பொய் இன்னும் நன்றாகப் பொருந்தியது.

"ஒருநா ஊர் முன்னால போட்டு ஒடைக்கேன் பாரு" என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாள்! "நான் செத்தப்புறம் ஒடை" என்று அக்காள் சிரிப்பாள்.

முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மாதா கோயில் உபதேசியார் சாவுப் பதிவேட்டை விரித்து, "வயசு என்னன்னு எழுத?" என்று கேட்டார்.

சந்தனம் ஜெபமாலையைப் பார்த்தார். ஜெபமாலைக்கு ஐம்பத்தாறு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருசம் காத்திருந்த நேரம். அவள் அக்காளைப் பார்த்தாள். கழுவித் துடைத்த அந்த முகம் கொஞ்சம் பயந்துபோனது போலத் தெரிந்தது.

"அம்பது" என்றாள். அப்புறமும் மனசு கேட்கவில்லை. "அம்பதுகூட முழுசா ஆகலை, உபதேசியாரே. எனக்கு ரெண்டு வயசு எளையவ."

அவர் நாற்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார். "என் தங்கச்சியக் குடுத்துட்டு நிக்கிறேனே!" என்று ஜெபமாலை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை.

உபதேசியார் போனதும் சந்தனம் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கையில் எண்ணெய்ப் போத்தல்.

"இப்படிக் கழுவிப்புட்டீகளே மதினி. இது தடவாம அவ வாசலைத் தாண்டுனது உண்டா?"

"நாறுது தம்பி. சனம் வருதுல்ல."

"முப்பது வருசமா நாறுது. அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துக்கு அவ ஞானஸ்நானச் சீட்ட ஒங்க ஊர்ச் சாமியார்ட்ட வாங்கிட்டு வந்ததே நான்தான். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்."

ஜெபமாலை வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீக?"

"எனக்காக எம்புட்டு ஆசையாத் தடவுனா! அதப் போயி கெடுப்பேனா?" அவர் அழுதுகொண்டே சிரித்தார். போத்தலை அவள் கையில் வைத்தார். "போ, தடவிவிடு கொழுந்தியா."

"சரி மச்சான்" என்றாள். முப்பது வருசத்தில் முதல் தடவை.

நெற்றியிலும் கன்னத்திலும் தாராளமாகத் தடவினாள். நஃபீசா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாசலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அற்புதத்தின் முகம் பழையபடி பளபளவென்று ஆனது.

உள்ளங்கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சேலையில் துடைக்கப் போன ஜெபமாலை, அப்படியே அதைத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டாள்.