மேற்கே திரும்பிய பலகை

பொன்னுதுரை அண்ணாச்சியின் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு, சூரியனோடு சேர்ந்து திரும்பும் சோலார் பலகைகள் வேண்டியிருந்தன. தூத்துக்குடியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த விஜிலாவும் லிங்கராஜும் ஆளுக்கொரு மாதிரி செய்து அங்கே நிறுத்தினார்கள். எது நன்றாக ஓடுகிறதோ, அதையே அளம் முழுக்கப் போடுவதாகப் பேச்சு.

லிங்கராஜ் மோட்டாரும் சென்சாரும் வைத்திருந்தான். விஜிலா ஆலந்தலைக்காரி. கடல்காற்று இரும்பைத் தின்பதைப் பார்த்து வளர்ந்தவள். அவள் பலகையில் மோட்டாரே கிடையாது. இரண்டு ஓரத்திலும் குழாய்கள், உள்ளே சீக்கிரம் ஆவியாகும் திரவம். வெயிலில் சூடாகும் குழாய் திரவத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்; கனத்த பக்கம் பலகை சாயும். வெயில் வரும் திசைக்கே சாய வேண்டும் என்பதற்காக, அதற்கு எதிர்ப்பக்கக் குழாய் மட்டும் சூடாகும்படி மறைப்புத் தகடு பொருத்தியிருந்தாள்.

முதலில் சரியாகத்தான் ஓடியது. பிறகு, காலையில் கிழக்கே பார்க்க வேண்டிய பலகை மேற்கே திரும்பி நிற்க ஆரம்பித்தது. அதே சமயத்தில்தான் லிங்கராஜின் மோட்டார் துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. விஜிலாவுக்குச் சந்தேகம் தட்டியது.

தன் அக்கா கல்யாணத்துக்காக லிங்கராஜ் சொந்த ஊரான ஏரலுக்குப் போயிருந்த நாட்களில் பலகை ஒழுங்காகக் கிழக்கே நின்றது. அவன் திரும்பி வந்ததும் மறுபடி மேற்கு. மறுநாள் அவன் குனிந்து அவள் குழாயில் கை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அங்கன என்ன பண்ணுத?"

"சூடு பாத்தேன்."

"நீ இல்லாதப்ப மட்டும் இது ஒழுங்கா நிக்கி."

லிங்கராஜ் நிமிர்ந்தான். "நான் எதுக்குளா இதத் திருப்புதேன்?"

அவள் நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அவர் வேலையாட்கள் முன்னால் வைத்தே, "ஏலே லிங்கராஜ், இனி அளத்துப் பக்கம் வராத" என்றுவிட்டார். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் விடிந்ததுமே விஜிலா பலகையருகே வந்து நின்றுகொண்டாள். ஒருவரும் கிட்ட வரவில்லை. வெயில் ஏற ஏற, அவள் கண்ணெதிரிலேயே பலகை மெல்ல மேற்கே சாய்ந்தது.

அவள் பலகை சாய்ந்த பக்கமே திரும்பினாள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தும் முகம் காந்தியது. எதிரே மேற்கில், புதிதாகக் கொட்டிய உப்புக் குவியல் மதில்போல நின்றது. அதன்மேல் பட்ட வெயில் திரும்பி அவள் முகத்திலும் கிழக்குக் குழாயிலும் அடித்துக்கொண்டிருந்தது. லிங்கராஜ் ஊரில் இல்லாத நாட்களில், மழைக்குப் பயந்து குவியலைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள்; அவன் வந்த சமயத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் தினமும் பார்த்தும் அவள் யோசிக்கவில்லை.

ஆட்களைக் கூப்பிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடச் செய்தாள். கொஞ்ச நேரத்தில் பலகை கிழக்கே திரும்பியது. அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை.

அந்த வேலையாட்கள் முன்னாலேயே அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னாள். லிங்கராஜ் போனை எடுக்கவில்லை. பஸ் ஏறி ஏரலுக்குப் போனாள். அவன் அப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றிருந்தான்.

"உப்புக் குவியல்தான் காரணம். தப்பு எம்மேல."

"இத அங்கன சொன்னியா?"

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

பருப்புக் கேட்ட அம்மாளுக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்த பிறகுதான் பேசினான். "திங்கக்கெழம வாரேன்."

சொன்னபடியே வந்தான். குவியலின் வெளிச்சம் படும் குழாய்க்கு அகலமான தகடு வைக்க யோசனையும் சொன்னான். ஆனால் சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பம்பு ஷெட்டுக்குத் தனியாகப் போய்விட்டான். விஜிலா தன் டப்பாவைப் பலகை நிழலில் வைத்துத் திறந்தாள்.