ஒலி சரி

தனுஷியா தன் கணவன் உதயரூபனோடு பேசாமல் பதினோரு நாட்களும் நான்கு மணித்தியாலங்களும் ஆகியிருந்தன. அவன் இறந்த பிறகு கழிந்த இருபத்தெட்டு மணித்தியாலங்களை இதில் சேர்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சேர்த்தே எண்ணினாள். எண்ணியபடி அலுமாரியின் அடித்தட்டில் கலியாண வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். பிரேதத்தின் மேல் போர்த்த வேண்டும் என்று மாமி கேட்டிருந்தாள்.

கூடத்தில் மாமி புஸ்பம் பெட்டியின் தலைமாட்டில் இருந்து அழுதாள்.

"லொறிக்காரன் மூணு தரம் ஹோன் அடிச்சானாமே... என்ட புள்ள விலகல்லயாமே... இரிக்க விருப்பமா எண்டு கேட்ட வீட்டுல இரிக்காமப் போயித்தானே..."

கடைசி வரி தனுஷியாவுக்கானது. எல்லோருக்கும் அது தெரியும். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வளவுக் கண்ணகையின் குரல் கேட்டது.

"என்ட காதால கேட்டனான்கா. இந்த வீட்டுல இரிக்க விருப்பமா இல்லயா எண்டு ரெண்டு தரம் கத்தினவள். அந்த மனுசன் ஒரு சொல்லுச் சொல்லல்ல."

"அதுக்காக லொறிக்கு முன்னால போய் நிக்கிறதா?"

"சீதன வீட்டுல இரிக்கிற ஆம்புளைக்கு அது காணும்கா. ரோசம்."

கண்ணகை பொய் சொல்லவில்லை. நாவற்குடாவில் இந்த வீடு தனுஷியாவின் பெயரில் இருந்தது. இந்தப் பக்கத்தில் ஆண்கள்தான் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வார்கள். அப்படி வந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அவள் கேட்டாள். பதினோரு நாட்களுக்கு முன், காலை ஏழு மணிக்கு, அவனுடைய முதுகைப் பார்த்து. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருந்தான். திரும்பவில்லை.

ஒரு வருடமாக அந்த முதுகைத்தான் அவள் பார்த்தாள். சுவிஸில் இருக்கும் அவனுடைய தமையன் இரண்டு பெரிய பெட்டிகளில் புளூ-ரே படத் தட்டுகளை அனுப்பியிருந்தான். வாவிக் காற்றில் அவற்றின் ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள் விழத் தொடங்கின. அழிவதற்கு முன் எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்க வேண்டும் என்றான் உதயரூபன். அதுவும் தட்டில் உள்ள முழுத்தரமான ஒலியோடு.

"படம் கொஞ்சம் மங்கினாலும் பரவால்ல. சத்தத்தச் சுருக்கக் கூடாது," என்று ஒருமுறை சொன்னான். அந்த வருடத்தில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுவாக இருக்கலாம்.

நேற்று ஆஸ்பத்திரியில் மரண விசாரணை அதிகாரி கேட்டார்.

"காதுல என்னவும் மாட்டியிருந்தவரா?"

"இல்ல சேர். ஹெட்போன் வீட்டுலதான் கிடக்கு. பாண் வாங்கத்தான் போனவர்."

"அப்ப, வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

பக்கத்தில் இருந்த மாமி தலையில் அடித்து அழத் தொடங்கினாள். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

வேட்டி கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய கதிரையில் அமர்ந்தாள். அந்தக் காலையில் தன்னுடைய கேள்வியை விடப் பெரிதாக அவன் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மேசையில் அவன் பதிவெழுதும் கொப்பி இருந்தது. இலக்கம், திகதி, கோப்பின் அளவு. கடைசி நிரலில் ஒவ்வொரு படத்துக்கும் நேரே 'ஒலி சரி' என்ற இரண்டு சொற்கள். முழுவதும் கேட்டுப் பார்க்காமல் அதை எழுதமாட்டான். அந்தக் காலைக்குரிய படம் நூற்று எண்பத்தெட்டு; தமையன் அனுப்பிய தட்டுகளில் அதுதான் கடைசி. அதைத் திறந்து ஹெட்போனை மாட்டினாள்.

காதில் அறைந்தது போலிருந்தது. இழுத்துக் கழற்றினாள். ஒலி உச்சத்தில் இருந்தது. பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

திரையில் மழை. இரண்டு பேர் சேற்றில் உருண்டு சண்டை போட்டார்கள். மழைச் சத்தம் இல்லை. அடி விழும் சத்தமும் இல்லை. ஒரு வயதானவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை எடுத்த அன்று கமராவை எங்கே வைத்தோம் என்று விளக்கினார். இடையில் இருமினார். சிரித்தார்.

நூற்று எண்பத்தேழைத் திறந்தாள். அதிலும் யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். நூற்று எழுபதிலும் அப்படியே. நூற்று ஐம்பதிலும். நூற்று நாற்பத்தொன்பதில் மட்டும் படத்தின் சொந்த ஒலி இருந்தது.

கொப்பியைப் பார்த்தாள். நூற்று ஐம்பதுக்கு மேலே, 'மென்பொருள் புதிது' என்று எழுதியிருந்தான். தட்டில் பல ஒலித்தடங்கள் இருக்கும். வேண்டியதை அடையாளமிட வேண்டும். புதிய மென்பொருளில் அடையாளம் மாறி, படம் எடுத்தவர்கள் பேசும் விளக்கத் தடத்தில் விழுந்திருந்தது. படம் தொடங்கி ஒரு நிமிடம் கேட்டாலே பிடிபடும் பிழை.

நூற்று ஐம்பதிலிருந்து நூற்று எண்பத்தெட்டு வரை எண்ணினாள். முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதுக்கும் நேரே 'ஒலி சரி'.

ஒலியைப் பழையபடி உச்சத்தில் வைத்தாள். வேட்டியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"இந்த நேரத்துலயும் படமா?" என்றாள் கண்ணகை. யாரோ அடக்கிச் சிரித்தார்கள்.

முற்றத்தில் பறைமேளம் தொடங்கியது. பிரேதம் எடுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. தனுஷியா வேட்டியை அவன்மேல் போர்த்திவிட்டு மாமிக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"மாமி, இதக் கேளுங்க."

"என்ன புள்ள இது, செத்த வீட்டுல..."

ஹெட்போனை மாமியின் காதுகளில் வைத்தாள். மாமி துள்ளி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"காது வெடிச்சிரும் போல இரிக்கி!"

"அவர் இப்பிடித்தான் வச்சிருந்தவர். இதுல படத்துட சத்தமே இல்ல மாமி. ஆரோ கிழவன் கதைக்கான். முப்பத்தொம்பது படம் இப்பிடி. முப்பத்தொம்பதும் சரியெண்டு எழுதி வச்சிரிக்கார்."

மாமி பெட்டிக்குள் பார்த்தாள். அவனுடைய காதுகளில் பஞ்சு வைத்திருந்தார்கள். மாமியின் உதடுகள் அசைந்தன.

மேளம் உரத்து ஒலித்தது.

"என்ன?"

மறுபடி அசைந்தன.

"கேக்கல்ல மாமி."

மாமி கண்களை மூடிக்கொண்டு கத்தினாள். அதற்குள் பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்து, முற்றத்தில் மேளத்தை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலோரம் நின்ற கண்ணகை வரை அந்தக் குரல் போனது.

"கலியாணம் பேசக்குள்ளயே அவனுக்கு ஒரு காது கேக்காது. மத்ததும் போன வருசம் போயித்து. உன்னிட்டச் சொல்லக் கூடாது எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான்!"