மிட்டாய் சுற்றும் நரகம்

வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்காரு" என்று சொல்லி அவள் நிறுத்திக்கொள்வாள். பொய்யில்லை. வாரத்தில் ஆறு நாள் அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கடைசி வரிய படிங்க சார், தெரியலேன்னாலும் பரவாயில்ல" என்று தேனொழுகப் பேசுகிறவன்தான். ஏழாம் நாள் அவன் பெயர் காலன். முகத்தில் சுவருக்கு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றி அப்பிய மை, கணுக்கால் வரை கறுப்பு அங்கி. 'இரும்புச் சவப்பெட்டி' என்ற கோத்திக் இண்டஸ்ட்ரியல் ராக் குழுவுக்கு அவன்தான் பாடகன், தலைவன், எல்லாம். அங்கிக்கு இஸ்திரி போடுவது மட்டும் அவள். காலனுக்குக் கசங்கிய துணி பிடிக்காது.

கல்லறைச் சோகத்தையும் ஆலைச் சத்தத்தையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் வருவதுதான் தங்கள் இசை என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு விளக்கியிருந்தான். அவளோ மிட்டாய்த் தொழிற்சாலையில் காகிதம் சுற்றும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கக் கேட்டுச் சலித்த சத்தத்தை ஒரு மனிதர் ஆசைப்பட்டு வீட்டுக்கும் கொண்டுவருவார் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. போகட்டும், குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா? ஏதோ கத்துகிறார், கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

குழுவில் இன்னும் இரண்டு பேர். கிட்டார் வாசிப்பவனுக்கு ஆணி என்று பெயர். தகரப் பீப்பாய்களைப் போட்டுச் சாத்துகிறவன் சம்மட்டி. மூவருக்கும் ஒரே கொள்கை: மேடையில் சிரிக்கக் கூடாது, கூட்டத்துக்கு நன்றி சொல்லக் கூடாது, பயமுறுத்தாத எதையும் செய்யக் கூடாது. வீட்டுக்கு வந்தால் மூவரும் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைப்பார்கள். "அண்ணி, கொஞ்சம் தண்ணி" என்று சம்மட்டி கேட்கும் குரலுக்கு ஒரு பூனைகூடப் பயப்படாது.

'துருப்பிடித்த நரகம்' என்று ஒரு ஆல்பம் போடுவதென்று முடிவானபோதுதான் வம்பு ஆரம்பித்தது. கணினியில் செய்த சத்தம் வேண்டாம், நிஜ இயந்திரத்தின் ஓலம்தான் வேண்டும் என்றான் காலன். செத்துப்போன ஆலை ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒலிப்பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் போனார்கள். கைவிடப்பட்ட ஆலையில் இயந்திரம் ஓடாது என்பது மூன்று தலைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை. பகல் முழுக்க உட்கார்ந்து புறாக்கள் குனுகுவதைப் பதிவுசெய்துகொண்டு வந்தார்கள்.

தொங்கிய முகத்தோடு அவன் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. "சத்தம்தானே வேணும்? எங்க இடத்துக்கு வாங்க. காது கிழியும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சூப்பர்வைசர் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். அக்கா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மிட்டாயில் மை விழும், அதனால் முகத்தைக் கழுவிவிட்டு, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது, "இங்க வேல பாக்கற எங்க பிள்ளைங்க பேரு பாட்டுல வரணும்னு சொல்லல. ஆல்பத்து அட்டையில ஒரு ஓரமா போடச் சொல்லு. இத்தன வருஷமா இங்க நிக்கிறோம், எங்கயும் எங்க பேரு இருந்ததில்ல." அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தாள். பதிவுக்கு வந்தபோது காலனும், "கண்டிப்பா போடறோம்க்கா" என்றான். தொப்பியில் அவன் ரொட்டிக் கடைக்காரன் போல இருந்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிட்டாய் சிக்கி இயந்திரம் திணற ஆரம்பித்தால், முதலில் கவனித்தவள் அடிவயிற்றிலிருந்து "ஏஏஏய் நிறுத்தூஊ" என்று கத்த வேண்டும். அந்த இரைச்சலில் ஒரு குரல் கடைக்கோடிக்குப் போகாது. ஆகவே அடுத்தவள் அதை வாங்கிக் கத்துவாள், அதற்கடுத்தவளும் வாங்கிக் கத்துவாள், கோடியில் சுவிட்சுக்கருகே நிற்பவள் அணைப்பாள். விளையாட்டில்லை. இந்த வழக்கம் வருவதற்கு முன்னால் ஒருநாள் சூப்பர்வைசர் அக்காவின் மோதிரவிரல் நுனி உருளைக்குள் போனது. அன்றிலிருந்து, சிக்கும் சத்தம் கேட்டால் அங்கே யாரும் யோசிப்பதில்லை. வாய் தானாகத் திறந்துவிடும்.

பதிவன்றும் மிட்டாய் சிக்கியது. அவள்தான் முதலில் பார்த்தாள், அவள்தான் கத்தினாள். ஆணியின் கருவி அதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டது. வீட்டில் அதைப் பாதி வேகத்துக்கு இழுத்துப் போட்டார்கள். வார்த்தை கரைந்துபோய், வெறும் அலறல் மட்டும் மிஞ்சியது. அதுவே ஆல்பத்தின் ஏழாம் பாட்டானது. கேட்டபோது அவளுக்கே கை மயிர் நட்டுக்கொண்டது.

ஆல்பம் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு முன்பே கேட்டுவிட்ட ஒரு விமர்சகர் வரிந்துகட்டிக்கொண்டு பாராட்டினார். "ஏழாம் பாட்டில் காலன் எழுப்பும் அலறல் மனிதத் தொண்டையில் பிறந்ததல்ல, நரகத்தின் வாசற்கதவு திறக்கும் ஓசை" என்று எழுதினார். காலன் அதை நான்கு முறை படித்துக் காட்டினான். அலறியது யார் என்பது பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மண்டை ஓடு, முள்கம்பி, பல்சக்கரம் எல்லாம் இருந்தன. அடியில் பொடி எழுத்தில் ஒரே வரி: 'கைவிடப்பட்ட இறைச்சிக்கூடம் ஒன்றில் பதிவு செய்யப்பட்டது.'

"என்னங்க இது?"

"எது?"

"எங்க இடம் எப்பங்க இறைச்சிக்கூடம் ஆச்சு? எலுமிச்ச மிட்டாய்தானே சுத்தறோம்?"

"இங்க பாரும்மா. மிட்டாய்க் கம்பெனின்னு போட்டா யாரு பயப்படுவா? சிரிப்பாங்க."

"அக்கா பேரு, பிள்ளைங்க பேரு போடறேன்னு சொன்னீங்களே. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு வேலைக்குப் போவேன்?"

அவன் நகத்தைப் பார்த்தான். நகத்தில் கறுப்புச் சாயம் பாதி உரிந்திருந்தது. "சரி, விடு. வெளியீட்டு விழாவுல மேடையிலயே சொல்றேன். எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி, இவங்கதான், அந்தக் குரல் என் பெண்டாட்டி குரல்தான்னு சொல்லிடறேன். அட்டையில போடறத விட அது பெரிசு இல்லியா?"

பெரிசுதான். அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவன் பெண்டாட்டி என்று நாலு பேர் முன்னால் அவளைக் காட்டியது கிடையாது. காலனுக்கு மனைவி இருப்பது தெரிந்தால் கெத்துப் போய்விடுமாம். மறுநாள் அட்டையை யாருக்கும் காட்டாமல், மேடைச் செய்தியை மட்டும் கொண்டுபோய்க் கூடத்தில் சொன்னாள். பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலை வேனையே கேட்டு வாங்கிவிட்டார் சூப்பர்வைசர் அக்கா.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அரங்கம் முழுக்கக் கறுப்பு. கறுப்புச் சட்டை, கறுப்பு உதடு, மூக்கில் சங்கிலி. நடுவில் இரண்டு வரிசை நிறைய மஞ்சளும் பச்சையும் ரோஜா நிறமுமாக மிட்டாய்க் கூடத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒருத்தி அவளிடம் மூன்றாம் தடவையாகக் கேட்டாள். "அவரு சொல்வாரு, அப்ப நின்னா போதும்" என்றாள் அவள்.

புகைக்கு நடுவே காலன் வந்தான். இருட்டு, பிணம், சாபம் என்று கரகரத்தான். பின்னணியில் இயந்திரங்கள் உறுமின. கறுப்புச் சட்டைகள் கண்ணை மூடித் தலையாட்டின. மிட்டாய்ப் பெண்களுக்கோ சொந்தக்காரர்களைச் சந்தையில் பார்த்த சந்தோஷம்.

"ஏ, இது நம்ம நாலாம் நம்பர் மிஷின்டி."

"அந்த கீச்சு கேக்குதா? எண்ணெ போடுன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

முன் வரிசைக் கறுப்புச் சட்டைக்காரன் திரும்பி முறைத்தான். சூப்பர்வைசர் அக்கா அவனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான்.

ஏழாம் பாட்டு வந்தது. இன்று அலறலை நேரடியாக மேடையிலேயே எழுப்புவதாக விளம்பரம் செய்திருந்தார்கள். அதனால் பதிவிலிருந்து அவள் குரலை எடுத்துவிட்டு, இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டார்கள். வேகத்தையும் குறைக்கவில்லை. டக் டக் டக் என்று போய்க்கொண்டிருந்த சத்தம் திணறியது. மிட்டாய் நொறுங்கும் கரமுர ஓசை ஒலிபெருக்கி வழியாக அரங்கமெங்கும் பரவியது. காலன் தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, மூச்சை இழுத்தான்.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. "ஏஏஏய் நிறுத்தூஊ" என்றாள். பக்கத்தில் இருந்தவள் வாங்கினாள், அதற்கடுத்தவளும் வாங்கினாள், இரண்டு வரிசையும் எழுந்து கத்தின. சம்மட்டி அடியை நிறுத்திவிட்டான். ஆணியும் நிறுத்தினான். கணினிக்கு முன்னால் இருந்தவன் பதறிப்போய் எல்லாவற்றையும் அணைத்தான். காலனின் திறந்த வாயிலிருந்து கடைசியாக ஒரு சின்ன இருமல் மட்டும் வந்தது.

கைதட்டல் அரங்கத்தின் கூரையைப் பிய்த்தது. அழுதவர்கள்கூட உண்டு. அந்த விமர்சகர் மேடைக்கே ஏறிவந்து மைக்கைப் பிடுங்கினார்.

"என் வாழ்நாள்ல இப்படி நடுங்கினதில்ல. கறுப்புக்கு நடுவுல இந்த நிறங்கள், இந்தச் சாதாரண முகங்கள், திடீர்னு இந்த ஓலம். காலன், யாரு இவங்க?"

மைக் காலனிடம் போனது. அவன் அவளைப் பார்த்தான். நேராக, நன்றாகப் பார்த்தான். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்களும் நின்றார்கள், எழுந்து நிற்கச் சொல்லும் இடம் இதுதான் போலிருக்கிறது என்று ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சொல்லிடுங்க, ஒரு வார்த்தைதானே, என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

"அவங்க யாருன்னு எங்களுக்கும் தெரியாது" என்றான் காலன், கிணற்றிலிருந்து வருகிற குரலில். "இறைச்சிக்கூடத்துல பதிவு பண்ணினோம் இல்லியா. அன்னியிலேருந்து இந்தப் பாட்டு வாசிக்கிறப்பல்லாம் வர்றாங்க."

கூட்டம் மூச்சை இழுத்தது. முன் வரிசைக்காரன் கையிலிருந்த மிட்டாயைப் பார்த்துவிட்டு, மெதுவாக நாற்காலியின் மேல் வைத்தான்.

"ஏண்டி" என்றார் சூப்பர்வைசர் அக்கா அடங்கிய குரலில், "நாமெல்லாம் செத்துட்டோமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். கட்டின பெண்டாட்டியை நிற்கவைத்தே மறைத்தவனை இன்றுதான் பார்த்தாள். அவமானத்தில் காது சுட்டது. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாத கூச்சம். பெண்கள் வரிசையாக வெளியே நடந்தார்கள். வழிவிட்ட கறுப்புச் சட்டைகள், மேலே பட்டுவிடக் கூடாதென்று சுவரோடு ஒட்டிக்கொண்டன.

எல்லோரும் வேனில் ஏறியாயிற்று. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அக்கா தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பப் போனபோது, "கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் அவள்.

அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். மேடையில் என்னவோ கொள்கை, கெத்து. கீழே இறங்கினால் மனுஷன்தானே. வந்து ஜன்னலில் கை வைத்து, "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். மானங்கெட்ட மனசு அப்படித்தான் நினைத்தது.

வந்தான். பக்கவாட்டுக் கதவு வழியாக அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். முகப்பூச்சு வியர்வையில் வழிந்து, கன்னத்தில் அவன் சொந்த நிறம் தெரிந்தது. வேனுக்கும் அவனுக்கும் நாலு எட்டுதான். அதற்குள் வாசலில் காத்திருந்த ரசிகர்கள் வளைத்துக்கொண்டார்கள். கைபேசிகள் உயர்ந்தன. அவன் அங்கியைக் கீழே விட்டு விறைப்பாக நின்றான்.

ஒரு பெண் வேனைக் காட்டினாள். "அங்க பாருங்க. அந்த வண்டியில உக்காந்திருக்கறது அவங்கதானே? உங்களையே பாக்கறாங்க."

அவன் வேனைப் பார்த்தான். ஜன்னலில் இருந்த அவளைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. அவள் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள்.

"எந்த வண்டி?" என்றான் காலன்.

ரசிகர்கள் பரவசத்தில் கிறீச்சிட்டார்கள். அவள் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுங்கண்ணே, போலாம்" என்றாள். "நாம நிக்கறதே அவருக்குத் தெரியலையாம்."