கர்தினால் மீனின் மூடிய வாய்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. எதிர் வீட்டு கிறிஸ்டினா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். வில்லியனூர்ப் பக்கம், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் இரண்டு வீடும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பாதி ஓடியிருந்த ஒரு சாயங்காலம் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க கத எழுதறவருதான. எங்கப்பா மனசுல இன்னா ஓடுதுன்னு எழுதிக் குடுங்களேன். படிச்சாவது தெரிஞ்சிக்கிறேன்."

நான் எழுத்தாளனா, குறி சொல்கிறவனா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதனால் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கடலடியில் ஓர் அப்பா இருந்தார்.' அடித்துவிட்டேன். சகிக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'பங்காய் கர்தினால் என்பது இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளில் வாழும், விரல் நீளமே உள்ள...' இது பாடப்புத்தகம். ஆனாலும் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் தொடக்கம்: 'யூஜின் பேசுவதை நிறுத்தினார்.' இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

யூஜின்தான் கிறிஸ்டினாவின் அப்பா. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் அவள் அவரிடம் போய், "அப்பா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு. நம்ம வேதக்காரங்க இல்ல" என்றிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா ஜெசிந்தா மேரி உள்ளே வர, பேச்சு அதோடு நின்றது. மறுநாள் காலை கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தவர், "இந்தத் தவக்காலத்துக்கு நான் பேச்ச வுட்டுர்றேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

(இங்கே தவக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு எதையாவது விடுவார்கள். கறி, டீ, சீரியல். யூஜின் போன வருஷம் சிகரெட்டை விட்டார். பேச்சை விட்டவர் எங்கள் தெருவில் இவர் ஒருத்தர்தான். கம்பெனியில் அவருக்குச் சிரமமில்லையாம். அங்கே மெஷின் சத்தத்தில் எல்லாருமே சைகைதான்.)

அது பக்தி என்கிறார் ஜெசிந்தா மேரி. கோபம் என்கிறாள் கிறிஸ்டினா. என்னைக் கேட்டால் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"அப்பா வேணாம்னா வேணாந்தான்னு குமரவேல்கிட்ட சொல்லிட்டேண்ணா. ஈஸ்டர்க்கு அப்புறம் பதில் சொல்றேன்னிருக்கேன். கரையாம்புத்தூர்ல அவங்க வூட்ல வேற எடம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"உங்கப்பா வேணாம்னு சொல்லுவாருன்னு நெனைக்கிறியா?"

"தெரியலண்ணா. அதான பயமா இருக்கு."

3

இப்போது மீன்.

யூஜின் வீட்டு ஹாலில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. பனித்திட்டு மீனவக் குப்பத்துக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் சொல்லி, கேனில் கடல் தண்ணீர் பிடித்து வருவார். தொட்டியில் பங்காய் கர்தினால் ஒரு ஜோடி. வெள்ளி உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், வாலிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளிகள். நம் கடலில் கிடையாது. கர்தினால் என்றால் போப்புக்கு அடுத்த நிலைக் குருவாயிற்றே, அந்தப் பெயருக்காகவே ஜெசிந்தா மேரி வாங்கச் சம்மதித்தாராம்.

கடலில் இது, முள் நீண்ட கடல் முள்ளெலிகளின் நடுவே ஒளிந்து வாழும். தொட்டியில் முள்ளெலிக்கு எங்கே போவது? யூஜின் ஒரு டப்பா மூடியில் ஓட்டை போட்டு, ஒயர் கட்டுகிற கறுப்பு கேபிள் டைகளை முள் மாதிரி செருகி வைத்திருக்கிறார். மீன்கள் ஏமாந்துவிட்டன.

பெண்மீன் முட்டையிட்டதும் ஆண்மீன் அத்தனையையும் வாயில் வாங்கிக்கொள்ளும். பொரிக்க மூன்று வாரம் போல ஆகும். பொரித்த பிறகும் குஞ்சுகள் சில நாள் வாய்க்குள்ளேயே இருக்கும். அதுவரை தகப்பனுக்குச் சாப்பாடு இல்லை. மற்ற பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் பெரும்பாலும் பொரித்ததும் கடலோடு போய்விடும். இதன் குஞ்சுகள் பெரியவர்களின் அச்சாகவே வெளியே வந்து, பிறந்த இடத்திலேயே தங்கும்.

ஆனால் தொந்தரவு செய்தால் தகப்பன் முட்டைகளை விழுங்கிவிடுவதுண்டு. துப்பிவிடுவதும் உண்டு. முதல்முறை அப்பாவாகும் மீன்கள் காரணமே இல்லாமல் விழுங்கும் என்கிறார்கள். ஏன் என்பதற்கு நான் படித்த ஒரு கட்டுரையிலும் திருப்தியான பதில் இல்லை.

(உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று தெரியும். எனக்கும் தோன்றியது. 'யூஜினும் அந்த மீனைப் போலவே வாயில் எதையோ...' என்று எழுதி, என் மேலேயே கோபம் வந்து, பாதியில் விட்டேன். மனிதன் மீன் இல்லை. ஆனால் அந்த வரியை அடிக்கவும் மனசு வரவில்லை.)

4

சாம்பல் புதன் கழிந்த மறுவாரமே அந்த ஆண்மீனும் முட்டைகளோடு வாயை மூடியது. இதை நான் கதைக்காக ஜோடிக்கவில்லை.

"பாருங்க, நம்மள வுட பக்தியா ஒருசந்தி புடிக்குது, தீனியே தொடல" என்று ஜெசிந்தா மேரி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார். நாள் போகப் போகப் பயம் வந்துவிட்டது. மீனுக்கு நோய் என்று நினைத்தவர், தொந்தரவு கூடாதென்று யூஜின் தொட்டி மேல் போட்டிருந்த துணியைத் தானே விலக்கி, தீனியைக் கொண்டுபோய் அதன் மூக்கின் முன்னாலேயே ஆட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டார். மனைவி கேட்கவில்லை, புருஷன் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறன்று பார்த்தால் மீனின் புடைத்திருந்த தாடை ஒட்டிப்போயிருந்தது, வாய் காலி. குஞ்சு ஒன்றும் கண்ணில் படவில்லை. விழுங்கிவிட்டதா, குஞ்சுகள் கேபிள் டைக்குள் ஒளிந்திருக்கின்றனவா? யூஜின் டார்ச்சோடு நெடுநேரம் குனிந்து பார்த்தார். கிறிஸ்டினா பக்கத்திலேயே நின்றாள்.

5

ஈஸ்டருக்கு முந்தைய நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று முடிவுகள் எழுதிவிட்டேன்.

(அ) ஈஸ்டர் காலையில் யூஜின் மகள் தலையில் கை வைத்து, "வரச் சொல்லும்மா" என்கிறார். சினிமா.

(ஆ) "வேணாம்" என்கிறார். கிறிஸ்டினா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். கிழிக்கப் போய் நிறுத்தினேன்.

(இ) அவர் மறுபடி பேசவேயில்லை. இது புத்திசாலித்தனம் காட்டுகிற முடிவு. அவளிடம் இதைக் கொடுத்தால் என் முகத்தில் அடிப்பாள், அடிக்கவும் வேண்டும்.

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தேன்.

6

இன்று ஈஸ்டர். சற்று முன்னால் கிறிஸ்டினா புதுச் சேலையில், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"அப்பா பேசிட்டாருண்ணா."

"இன்னா சொன்னாரு?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. நடந்தது இதுதான். இலை போட்டுப் பிரியாணி வைத்திருக்கிறார்கள். ஜெபம் முடிந்து யூஜின் வாயைத் திறந்திருக்கிறார். "நான் பேச்சத்தான வுட்டேன், காதையுமா வுட்டேன்? நாப்பது நாளா ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. புடிச்சிருக்குன்ன, அதோட போயிட்ட. அவன் யாரு, எப்பேர்ப்பட்ட ஆளு? சொல்லுவ சொல்லுவன்னு ஒக்காந்திருந்தேன். ஒண்ணுமே தெரியாம எத ஆமான்றது, எத வேணான்றது?"

"நீ இன்னா சொன்ன?"

"கொழம்பிப் போயி அழுதுட்டேன். தோ வரேன்னு இங்க ஓடியாந்துட்டேன். எங்க ஆரம்பிக்கறதுண்ணா?"

எழுதிய தாள்களைப் புரட்டினேன். மீனின் தாடை இருக்கிறது, துடுப்பின் புள்ளிகூட இருக்கிறது. குமரவேலைப் பற்றி ஊர்ப்பெயரைத் தவிர ஒரு வரி இல்லை. அவன் எப்படிச் சிரிப்பான், அவளுக்கு அவனை ஏன் பிடித்தது, எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் நான் கேட்கவேயில்லை. அதனால் உங்களிடம் வருகிறேன். நீங்கள் யாரையாவது விரும்பியிருப்பீர்கள். அதை ஒரு அப்பாவிடம் சொல்வதென்றால் எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். இந்தப் பெண் என் வாசலில் நிற்கிறாள். அங்கே அவர் இன்னும் இலையில் கை வைக்கவில்லை.