கடவுச்சொல் கேட்காத கணினி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. உயர்வான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். இரண்டாம் பத்தியிலேயே மாட்டிக்கொள்வேன். என் கணினி தானாகவே திறந்துகொள்ளும், கடவுச்சொல்கூடக் கேட்காது. வைஃபை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். நான்கு நாள் மல்லுக்கட்டிய பிறகு, இதே கோளாறு என்னைவிட அவசரத் தேவையுள்ள ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

முதலில் எழுதிய வரி: மழையில் நனைந்தபடி அவள் அக்கா வீட்டுக் கதவை...

வேண்டாம். வைஃபை கதைக்கு மழை எதற்கு?

2

அவள் கணினி பழுதுபார்ப்பவள். வீட்டில் எல்லாரும் 'மெக்கானிக்' என்றே கூப்பிடுவார்கள். அக்காவின் கணவருக்கு ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. எழுத்துகளைப் பார்த்தாலே குழம்பிவிடுகிறார். அக்கா எட்டு மணிக்கு மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பத்து மணிக்குக் கணினி வழியே அவருக்குப் பேச்சுப் பயிற்சி. அதனால் மெக்கானிக் ஓர் ஏற்பாடு செய்தாள்: அவர் இடது கையால் பொத்தானை அமுக்கினால் போதும், கணினி தானே உள்ளே நுழைந்து வகுப்பைத் திறந்துவிடும்.

திறந்தது. இணையம்தான் வரவில்லை. இரண்டு வகுப்புகள் போயின. மூன்றாவதும் தவறினால் அவருடைய இடம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும் என்று ஆசிரியை சொல்லி அனுப்பிவிட்டார்.

3

(இந்த இடத்தில் அவள்மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு தெரிந்தவள் இதிலா கோட்டை விடுவாள்? பிறகு என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்: தெரிந்தவர்கள்தான் இப்படிக் கோட்டை விடுவார்கள்.)

இரண்டு தடவையும் வகுப்பு நேரம் போன பிறகு, அக்கா சொல்லி ஓடிவந்து பார்த்தாள். அவள் உட்கார்ந்தால் வைஃபை சமர்த்தாக வேலை செய்தது. ரவுட்டரை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அத்தான் திரையின் மூலையைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அத்தான், நீங்க எதையாவது அமுக்கிட்டீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அவள் நம்பவில்லை. நம்பாதது முகத்திலும் தெரிந்தது. (இந்த வரியை எடுத்துவிட்டால் அவள் நல்லவளாகிவிடுவாள். கதை வீணாகிவிடும். இருக்கட்டும்.)

4

மூன்றாம் வகுப்பு நாள், காலை ஒன்பதரை. இன்று எதையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பொத்தானை அமுக்கினார். வகுப்பின் சாளரம் திரையை அடைத்துக்கொண்டு விரிந்தது. அதன் பின்னால், மூலையில், ஒரு சின்னப் பெட்டியின் ஓரம் மட்டும் எட்டிப்பார்த்தது. அவர் விரல் நேராக அங்கே போனது.

சாளரத்தை ஒதுக்கினாள். பெட்டி கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

* அடிக்குறிப்பு, ஆனால் அடிவரை போகப் பொறுமையில்லை: வைஃபையின் கடவுச்சொல்லைக் கணினி ஒரு பெட்டகத்தில் பூட்டி வைக்கிறது. நாம் நுழையும்போது தட்டும் சொல்தான் அதற்கும் சாவி. தானாக நுழைந்தால் யாரும் எதையும் தட்டுவதில்லை, பெட்டகம் பூட்டியே கிடக்கும். மெக்கானிக்கோ எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் முதலில் வெளியேறி, கடவுச்சொல் தட்டி, மறுபடி உள்ளே வருவாள். தொழில் பழக்கம். அவள் கை பட்டால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

அவளுக்கு அவமானமாக இருந்தது.

"அன்னைக்கே காட்டினீங்க. நான்தான் உங்கமேல பழியைப் போட்டேன்."

அவர் கடிகாரத்தைக் காட்டினார். மன்னிப்பெல்லாம் அப்புறம்.

வைஃபையின் கடவுச்சொல்லைப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்து, இணைப்பை அவர் ஒருவருக்கென்று இல்லாமல் கணினிக்கே பொதுவாக மாற்றினாள். இனி யாரும் நுழையும் முன்பே அது இணைந்துவிட வேண்டும். அணைத்துவிட்டு, மறுபடி அவரையே போடச் சொன்னாள்.

5

முடிவு ஒன்று: இணையம் வரவில்லை, இடம் போயிற்று. எழுதினேன். மனசு கேட்கவில்லை, அழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: இணையம் வந்தது, அவர் மடமடவென்று பேசினார். ஐந்து மாதமாக வராத பேச்சு வைஃபை வந்ததும் வந்துவிடுமா? அதையும் அழித்தேன்.

மிச்சம் இருப்பது இதுதான். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வைஃபை இணைந்தது. பத்துக்கு ஆசிரியையின் முகம் வந்தது.

"ரெண்டு வகுப்பா ஏன் வரலை?"

பதில் மெக்கானிக்கின் நாக்கு நுனியில் நின்றது. தப்பு என்னுடையது, இவர் இரண்டு நாளும் சட்டை மாற்றிக்கொண்டு பத்து மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார் என்று ஒரே மூச்சில் கொட்டியிருப்பாள். அத்தான் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நா..." என்றார் அவர். உதடுகள் அடுத்த எழுத்தைத் தேடின. "நான்... வ..."

இதை நான் முடித்துத் தரப்போவதில்லை. என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆசிரியை காத்திருக்கிறார். அவசரமில்லையென்றால் நீங்களும் கொஞ்சம் இருங்கள். அவரே சொல்லி முடிக்கட்டும்.