வெட்டாத சாவி

இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கவோ சாவி வேண்டும். அத்தகைய பூட்டுகளை இருபது ஆண்டுகளாக ஊரெங்கும் பொருத்தி வந்தவர் அவர். வேலை முடிந்ததும் வீட்டாரை நிற்கவைத்து ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றுவார்: "வீட்ல எத்தனை பேரோ அத்தனை சாவி இருக்கணும். இல்லேன்னா இது பூட்டு இல்ல, வம்பு."

ஊருக்கு உரைத்த உண்மை அவர் வீட்டு வாசற்படியை மட்டும் ஏறவில்லை. அங்கே இருந்தவை இரண்டே சாவிகள்: ஒன்று அவரிடம், மற்றொன்று கல்லூரிக்குப் போகும் மகனிடம். மனைவி கேட்டபோதெல்லாம், "நீதான் வீட்லயே இருக்கியே, நீயே ஒரு சாவிதான்" என்று சிரிப்பார். அதை அன்பென்றே நம்பினார்.

அன்று முற்பகல், அவர் வேறொருவர் வீட்டில் பூட்டுப் பொருத்தக் கதவைத் துளைத்துக்கொண்டிருந்தபோது மனைவி போனில் அழைத்தாள்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குதாம். தம்பி உடனே வரச் சொல்றான். சீக்கிரம் வாங்க."

"அரை மணி நேரம். கதவைப் பாதி துளைச்சுப் போட்டுட்டு எப்படி வர்றது?"

அரை மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. அவர் வந்தபோது அவள் செருப்பணிந்து, கைப்பையை மடியில் வைத்தபடி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். தாய் இறந்துவிட்டிருந்தாள், மகளைக் கேட்டுக் கேட்டே இறந்தாளாம்.

"சாத்திட்டுக் கிளம்பியிருக்கலாமே" என்றார் மெல்ல.

"கிளம்பியிருக்கலாம்." அவள் குரலில் சினமில்லை. "போன வருஷம் எதிர் வீட்டுக்குப் போனப்ப கதவு சாத்திக்கிச்சு. அடுப்புல பால் தீஞ்சு ஒரே புகை. நாலு பேர் முன்னாடி என்ன சொன்னீங்க? 'இனிமே நான் வராம வாசலைத் தாண்டாதே'ன்னீங்க. இன்னிக்கு அஞ்சு தடவை போன் பண்ணேன். அஞ்சு தடவையும் 'இதோ கிளம்பிட்டேன்'னீங்க. இதோ வந்துடுவீங்கன்னு உட்கார்ந்தேன்."

அவளை அவர் ஒருநாளும் பூட்டியதில்லை. உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் போதும், கதவு திறக்கும். போகத் தடையில்லை, திரும்பி வரத்தான் உரிமையில்லை. சங்கிலியும் காவலும் இல்லாமல் ஒருத்தியைச் சிறைவைக்க வேறென்ன வேண்டும்? பூட்டையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இது தெரியாதா? தெரியும். தம் வீட்டில் பார்க்கத்தான் தோன்றவில்லை.

தம் சாவியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். புதிதாக ஒன்று வெட்ட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் அவருக்கு இருபது ஆண்டுகளில் வாய்க்கவில்லை.

"அத்தைகிட்ட நான் என்னன்னு..." என்று தொடங்கினார்.

"அவங்ககிட்ட இனிமே யாரும் எதுவும் சொல்ல முடியாது," என்று எழுந்தாள். "வண்டியை எடுங்க. முகத்தையாவது பாக்கணும்."