சன்னல் பக்கம் புகை

தீப்பெட்டி பாதி காலியாகிவிட்டது, கரி இன்னும் பற்றிய பாடில்லை. தையல்காரர், வீட்டின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் ஓட்டை போட்டுக் கரி நிரப்பிய எண்ணெய் டின்னுக்குள் முகத்தை விட்டு ஊதினார். கரித்தூள் பறந்து வந்து மூக்குக்கண்ணாடியில் படிந்ததுதான் மிச்சம்.

“யோவ் டெய்லரே!”

சன்னலுக்குள்ளிருந்து வந்தது. குரல் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு மூச்சுக்கு நடுவில் எப்படியோ தப்பி வெளியே வந்த சத்தம்.

“மேல ஊதினா எப்படிய்யா எரியும்? அது என்ன பலூனா? கீழ... கீழ ஓட்டை இருக்கு பாரு. எதுக்குப் போட்டு வெச்சிருக்கேன்?”

“பாத்துட்டேன், பாத்துட்டேன்.”

“என்னத்தப் பாத்த. தாளைக் கசக்கிக் கீழ வை. உன் சட்டைக் காலர் மாதிரி மடிச்சு மடிச்சு வைக்காத.”

அவருக்குச் சிரிப்பு வந்தது.

சன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் கிடந்தவள் அவர் மனைவி. ஊருக்கெல்லாம் டிரைவரம்மா. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். வயிற்றில் வந்த நோய் எல்லா இடத்துக்கும் பரவி, ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் வந்த நர்ஸ் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, நடையில் மகளைத் தனியாக நிறுத்தி, “இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்மா. என்ன கேக்கறாங்களோ குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். தனியாகச் சொன்னால் என்ன, சின்ன வீடு. எல்லாருக்கும் கேட்டது. கட்டிலில் இருந்தவளுக்கும் கேட்டது.

“கேட்டா குடுப்பீங்களா? அப்ப கோழி சுடுங்க” என்றாள் டிரைவரம்மா.

மகள் அழ ஆரம்பித்தாள். “அம்மா, தண்ணியே இறங்க மாட்டேங்குதும்மா.”

“திங்கறதுக்கா கேட்டேன்? வாசனை வரட்டும். தோலைக் கொஞ்சம் பிச்சு நாக்குல வைங்க. போதும். மத்ததை நீங்க தின்னுங்க.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வீட்டில் கோழி சுடத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வாரத்தில் ஆறு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தவள், ஞாயிற்றுக்கிழமை இடுக்கியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நிற்பாள். மூடி போட்ட கரியடுப்பு, அடியில் இரண்டு சக்கரம். அதை அவள் ‘ரெண்டாவது வண்டி’ என்பாள். தையல்காரருக்கு அந்த வண்டியில் கண்டக்டர் வேலைகூடக் கிடையாது. எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டும், தட்டு கழுவ வேண்டும், “பிரமாதம்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு தடவை ஆசையாக மூடியைத் தொட்டதற்கு, “உன் தையல் மிஷின்ல நான் வந்து கை வைக்கிறேனா?” என்று கேட்டுவிட்டாள்.

எதற்கு இந்தப் பாடு, அடுப்படியில் வைத்துப் பொரித்தால் ஆகாதா என்று அவர் கேட்டதுண்டு. “சமையக்கட்டுல நின்னு வேர்த்துக் கொட்டினா ஒருத்தன் எட்டிப் பாக்கறானாய்யா? வெளிய ஒரு புகை போடு, தெருவே வந்து சுத்தி நிக்கும். பேசும். சிரிக்கும். நானும் மனுஷியாத் தெரிவேன்” என்றாள்.

தாளைக் கசக்கி அடியில் வைத்தார். மறுபடி குச்சி. தாள் எரிந்தது, கரி எரியவில்லை.

“மாமா, நகருங்க.” மனைவியின் தம்பி வந்து நின்றான். ஃபிரிட்ஜ் மெக்கானிக், எதற்கும் குறுக்கு வழி வைத்திருப்பவன். கையில் ஒரு பாட்டில். “ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டா பக்குன்னு பிடிச்சுக்கும்.”

“வேணாம் மாப்ளே. கறியில வாடை ஏறிடும்.”

“இப்ப அதையா மாமா பாக்கறது? நேரம்...” என்றவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

“உங்க அக்கா கண்டுபிடிச்சுடுவா.”

சன்னலுக்குள்ளிருந்து, “தம்பி, அந்தப் பாட்டில ஊத்தினே, அடுத்த ஞாயித்துக்கிழமை உனக்குச் சோறு கிடையாது” என்று வந்தது. மச்சினன் பாட்டிலைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியில் பற்றியது. டின்னின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி, பிறகு அது மேலே ஏறியது. தையல்காரர் ஒரு அட்டையை எடுத்து விசிறினார். சட்டைத்துணி சுற்றி வரும் அட்டை, கடையிலிருந்து வந்தது.

“காத்து எந்தப் பக்கம் அடிக்குது?” என்றாள்.

அவர் விரலை நனைத்து உயர்த்தினார். “தெருப்பக்கம் போகுது.”

“அப்ப டின்னை வண்டி மேல வெச்சுத் தள்ளு. தெருவுக்கு எதுக்கு? எனக்கு வரணும்.”

தள்ளினார். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. சுவர் மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் புகை சுவரைத் தடவிக்கொண்டு சன்னலுக்குள் போயிற்று. மகள் உள்ளே பதறினாள். “அம்மா, புகை உங்களுக்கு ஆகாதும்மா.”

“இனிமே எனக்கு எது ஆகும்னு சொல்லு, அதைக் கொண்டா.”

அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். உதட்டைச் சுளித்தாள். “இது வெறும் கரி. இது வாசனை இல்லை. கொழுப்பு உருகி நெருப்புல சொட்டணும். அப்ப எழும்பும் பாரு...” முடிக்க முடியவில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கி, மேலே போவதைப் போலக் காட்டினாள். எலும்புதான் இருந்தது அந்தக் கையில். வேனைத் திருப்பின கை.

“டின்ல இருக்கற கரியை எப்ப அடுப்புல கொட்டணும்?”

“மேல சாம்பல் வெள்ளையாப் பூக்கட்டும். எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கு. கோழியை இந்தப் பக்கம் வை, நெருப்பு இல்லாத பக்கம். மூடிடு. மூடினா திறக்காத. திறந்து திறந்து பாத்தா சூடு போயிடும். உனக்குப் பொறுமை இருக்குன்னுதானே கட்டிக்கிட்டேன்.”

“இப்பதான் சொல்றியா அதை?”

“இப்ப சொல்லாம எப்பய்யா சொல்றது?”

அதுதான் அவள் அவரிடம் கடைசியாக முழுசாகப் பேசியது.

கரி வெள்ளை பூத்ததா என்று கேட்க அவர் சன்னலுக்குப் போனபோது அவள் வாய் திறந்திருந்தது. மூச்சு வந்தது, நின்றது, யோசித்து யோசித்து மறுபடி வந்தது. “டிரைவரம்மா, இது போதுமா? ஓரத்துல இன்னும் கறுப்பா இருக்கே” என்று கேட்டார். மகள் உள்ளிருந்து தலையை ஆட்டினாள், எழுப்ப வேண்டாம் என்று. அவர் கொஞ்ச நேரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய் அவள் பக்கத்தில் உட்காரலாம். உட்கார்ந்து என்ன செய்வது? கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூச்சை எண்ணலாம். அதை அவரால் தாங்க முடியாது. கேட்டது கோழி. அதையாவது செய்யலாம்.

கரியைக் கொட்டி ஒதுக்கினார். உப்பும் மிளகுத்தூளும் பூண்டும் தடவி வைத்த கோழித் துண்டுகளை, தோல் மேலே இருக்கும்படி கம்பியில் அடுக்கினார். மூடியைப் போட்டு, மூடியின் ஓட்டையைக் கோழி இருக்கும் பக்கமாகத் திருப்பினார். அப்போதுதான் புகை கறியைச் சுற்றிவிட்டு வெளியே போகும். அவள் திருப்புவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பார்த்ததெல்லாம் உள்ளே இருந்திருக்கிறது, அவருக்கே ஆச்சரியம்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சுரீர் என்றது. ஓரத்துக் கரியில் முதல் சொட்டு. அப்புறம் அடுத்தடுத்து. வந்தது பாருங்கள் அந்த வாசனை! மச்சினன் தன்னையறியாமல் எச்சில் விழுங்கிவிட்டு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தையல்காரர் அட்டையை எடுத்துச் சன்னலைப் பார்த்து விசிற ஆரம்பித்தார். வெயில் எதிரே அடித்தது, கண்ணாடி பளபளத்தது, உள்ளே எதுவும் தெரியவில்லை. விசிறினார். கை வலித்தபோது கையை மாற்றிக்கொண்டு விசிறினார்.

“போகுதா மாப்ளே?”

“போகுது மாமா. நேரா அங்கதான் போகுது.”

மூடியைத் திறக்கக் கை பரபரத்தது. வெந்ததா, கருகிப் போச்சா, யாரைக் கேட்பது? திறக்கவில்லை. திறந்தால் சூடு போகும், நேரம் கூடும். நேரம்தான் இல்லை. அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாத வேலை அது. அவள் இதை எப்படி இத்தனை ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே செய்தாள் என்று தெரியவில்லை.

கடைசியில் திறந்தார். வெந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தோல் பக்கத்தை நெருப்புக்கு நேரே கவிழ்த்தார். குப்பென்று தீ எழும்பியது. மச்சினன் தண்ணீரை எடுக்க ஓடினான். “ஊத்தாத! அந்தப் பக்கம் தள்ளிட்டா அடங்கிடும்” என்று கத்தினார் தையல்காரர். தள்ளினார். அடங்கியது. தோல் பொன்னிறமாக, ஓரத்தில் மட்டும் கறுத்து, மொறுமொறுவென்று நின்றது. அவள் சுட்டதைப் போலவே இருந்தது. மனுஷனுக்குப் பெருமை வருகிற நேரத்தைப் பாருங்கள்! நெஞ்சு நிறைந்துபோயிற்று அவருக்கு.

தட்டில் எடுத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.

“ஏன் மாமா மூடறீங்க? தோலைப் பிச்சு இப்பவே கொண்டுபோய் வைக்கலாமே.”

“ஆறட்டும் மாப்ளே. எடுத்ததும் கை வெச்சா சாறெல்லாம் தட்டுக்குப் போயிடும். உங்க அக்கா சொல்வாளே. ஒரு தடவை அவசரப்பட்டேன்னு இடுக்கியாலயே என் கையில போட்டா.”

“அதுக்கில்ல மாமா...”

“சரியா செஞ்சுட்டு வந்திருக்கோம், கடைசியில கெடுத்துடக் கூடாது. கொஞ்ச நேரம்தான்.”

அந்தக் கொஞ்ச நேரம் அவர் தட்டுக்குப் பக்கத்தில் காவல் நின்றார். தட்டை நீட்டும்போது என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். ‘டிரைவரம்மா, ரெண்டாவது வண்டிக்கு எனக்கும் லைசென்ஸ் குடு’ என்று சொல்ல வேண்டும்.

பின்கதவில் மகள் வந்து நின்றாள்.

“இதோ ஆயிடுச்சும்மா,” என்றார். “இன்னும் ரெண்டே நிமிஷம்.”

“அப்பா.”

“ரெண்டு நிமிஷம். ஆறணும்.”

“உள்ள வாங்கப்பா.”

இடுக்கியைக் கையில் பிடித்தபடியேதான் உள்ளே போனார். அறை இருட்டாக இருந்தது. மருந்து நெடி மட்டும் இருந்தது. அவளுடைய வாய் அப்படியே திறந்திருந்தது. அடுத்த மூச்சுக்காக அவர் காத்துப் பார்த்தார். பிறகு காத்திருப்பதை விட்டார். நிமிர்ந்து பார்த்தபோதுதான் கவனித்தார், சன்னல் சாத்தியிருந்தது. திரையும் இழுத்து விட்டிருந்தது.

“ரொம்ப இருமினாங்கப்பா,” என்றாள் மகள். “முழிக்கல, ஆனா இருமினாங்க. திணறுச்சு. பாக்க முடியல. அதான் சாத்தினேன்.”

“எப்ப?”

“நீங்க கோழியை மேல வெச்சீங்களே. அப்ப.”

அவ்வளவு நேரமும் சாத்தின சன்னல் கண்ணாடிக்கு விசிறியிருக்கிறார்! அவர் வாய் திறந்தது. என்ன சொல்லிவிட முடியும்? பெற்ற பிள்ளை, தாய் திணறுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாள்? மகளின் முகம் அடி வாங்கத் தயாராக இருந்தது.

“நல்லதுதான் பண்ணே,” என்றார். “கண்ணு கரிச்சிருக்கும் அவளுக்கு.”

குனிந்து மனைவியின் தலைமுடியில் முகத்தை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாம் புகை நாற்றத்தோடு வந்து படுப்பாள். தலைக்குக் குளிச்சுட்டு வாயேன் என்று இவர் சண்டை போடுவார். இப்போது மோந்து பார்த்தார். புகை வாசனை அடித்தது. அவளுடையதா? தெரியவில்லை. அவர் கையெல்லாம் புகை, சட்டையெல்லாம் புகை, மீசையில்கூடப் புகை. இரண்டு தடவை மோந்து பார்த்தும் தெரியவில்லை. சாத்துவதற்கு முன்னால் ஒரு சொட்டாவது விழுந்திருக்குமா, அதன் வாசனை உள்ளே வந்திருக்குமா? யாரைக் கேட்பது?

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வேன் முதலாளி வந்தார், வேனில் போன பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சாவு வீட்டில் என்ன இந்த வாசனை என்று சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் பின்பக்கம் போனார். மச்சினன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒரு கோழிக்காலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். அழுதுகொண்டே தின்றான். மாமாவைப் பார்த்ததும் ஒளிக்கப் பார்த்தான்.

“தின்னு, தின்னு. உங்களைத் தின்னச் சொன்னாளே.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “வெந்திருக்கா?” என்றார்.

“வெந்திருக்கு மாமா.”

“எலும்புக்கிட்ட?”

“அங்கயும்.” மூக்கை உறிஞ்சினான். “அக்கா சுட்ட மாதிரியே இருக்கு.”

தையல்காரர் தலையை ஆட்டினார். அவர் ஒரு துண்டும் எடுக்கவில்லை. கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

“தண்ணி ஊத்தி அணைக்கட்டுமா மாமா?”

“வேணாம். மூடியைப் போட்டு ஓட்டையெல்லாம் அடைச்சுடு. தானா அடங்கும்.”

உள்ளே போகும்போது மகள் ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினாள், அவரே தைத்தது. “இதை மாத்திக்கோங்கப்பா. எல்லாரும் வர்றாங்க, ஒரே புகை நாத்தம்.”

அவர் அதை வாங்கினார், பிரித்துப் பார்த்தார், மடித்து நாற்காலி முதுகில் போட்டார். போட்டிருந்த புகைச் சட்டையோடேயே கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அவள் முகத்துக்கு வெகு அருகில் உட்கார்ந்தார். விசிறிக்கொண்டிருந்த அட்டை, பின்பக்கத்திலிருந்து கையோடு எடுத்துவந்தது, அவர் கக்கத்தில் இருந்தது. அதை எடுத்தார். தன் நெஞ்சுக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தன் பக்கமிருந்து அவள் பக்கமாக மெதுவாக விசிற ஆரம்பித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா இரக்கப்பட்டு எழுந்தாள். “வேர்க்குதாண்ணே? ஃபேன் போடட்டுமா?”

“வேணாம்மா,” என்றார் தையல்காரர். “காத்து மாறிடும்.”